நிறுத்தாமல், சொல்லாமல்

மக்கா,

அடுத்த அறையில் கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிற உனக்கு, ஒரு சுவர் தள்ளி உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன். ஊரில் யாராவது கேள்விப்பட்டால் எனக்கு வயதாகிவிட்டது என்பார்கள். ஆகத்தான் செய்திருக்கிறது, நேற்று மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே அதை வீடு முழுக்கத் தேடினேன். ஆனால் எழுதுவதற்குக் காரணம் அது இல்லை. நேரில் சொன்னால் நீ பாதியிலேயே "சரிம்மா" என்பாய். அந்த "சரிம்மா"வுக்கு "நான் கேட்கவில்லை, ஆனால் பேச்சு முடிந்தது" என்று அர்த்தம். உன் அப்பாவிடமிருந்து உனக்கு வந்த ஆஸ்தி அது. காகிதத்திடம் உன்னால் "சரிம்மா" சொல்ல முடியாது. உட்கார்ந்து படித்துத்தான் ஆகவேண்டும்.

விஷயத்தை மறைத்துவைத்து எழுதவில்லை. புனே வேலைக்கு நீ சம்மதம் அனுப்பிவிட்டாய். கல்யாணம் முடிந்த மறுமாதம் அங்கே போய்ச் சேரவேண்டும். இது உனக்குத் தெரியும், நீ சொன்னதால் எனக்கும் தெரியும். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற ஜிஷாவுக்குத் தெரியாது. அடுக்களை மேடையில் சாய்ந்து நின்று, நான் பொரித்துப் போடப் போட அப்பளத்தைத் தின்றுகொண்டே நீ சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "கல்யாணம் முடிஞ்சு மெதுவா சொல்லிக்கலாம்மா. இப்ப சொன்னா வீணா டென்ஷன். நர்ஸுக்கு எந்த ஊர்லயும் வேலை கிடைக்கும். அவளுக்கு ஒரு கஷ்டமும் தெரியாம ஷிப்ட் ஆயிரலாம். நீ ஆஸ்பத்திரில பண்ற லைவ் பேட்ச் மாதிரிதான், ரீபூட்டே வேண்டாம்." சொல்லிவிட்டு என் தோளைத் தட்டினாய். ஆஸ்பத்திரி சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற என் தொழிலை வைத்தே என்னை மடக்கியதில் உனக்குப் பெருமை. எனக்கும் அந்த நிமிஷம் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, வெட்கக்கேடு. நானும் "சரி மக்கா" என்றேன்.

நேற்று மத்தியானம் ஆஸ்பத்திரி கேன்டீனில் நான் ஒரு பழம்பொரியை வாயில் வைத்த நேரம் பார்த்து ஜிஷா எதிரே வந்து உட்கார்ந்தாள். புதிதாகக் கட்டுகிற ஐசியூவுக்கு அவளைப் பொறுப்பாகப் போடப் போகிறார்களாம். நாளைக் காலையில் பதில் சொல்லவேண்டும். "உங்க மோன் கிட்ட ராத்திரி சொன்னேன் ஆன்ட்டி, 'நல்லது, உன் இஷ்டம்'னு சொல்லியாச்சு. எங்க வீட்லயும் சந்தோஷம். நீங்க பறயுங்க, ஞான் சரின்னு சொல்லட்டா?" என்று கேட்டாள். முகம் முழுக்க வெளிச்சம். வாய் மூடாமல் பேசுகிறவள் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேரெடுத்த உன் அம்மா, வாயிலிருந்த வாழைப்பழ பஜ்ஜியை மென்றாள், மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். கடைசியில் "யோசிச்சுச் சொல்லு மோளே" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நோயாளி "வலி இல்லை" என்று சொல்லும்போது நர்ஸ்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. "உன் இஷ்டம்" என்றாயாமே. நாளைக் காலையில் அவள் "சரி" என்று சொல்லிவிட்டால், பிறகு நீ வாயைத் திறக்கும்போது அவள் இழப்பது ஒரு வேலையை மட்டும் இல்லை. சிரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்த நம் இரண்டு பேரையும்தான்.

லைவ் பேட்ச் என்று ஒப்பிட்டாய் அல்லவா, அதைப் பற்றி உனக்கு நான் சரியாகச் சொல்லித் தரவில்லை. நீ கழக்கூட்டம் ஐடி கம்பெனியில் ஏசி அறையில் உட்கார்ந்து ஆப்களின் திரைக்கு வண்ணம் அடிக்கிறவன். சர்வர் அறையின் சூடு உனக்குத் தெரியாது. கணினியின் அடியில் ஓடுகிற ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓர் ஓட்டை இருப்பது தெரிந்தால், புதுசை ஏற்றி, மெஷினை ஒருமுறை நிறுத்தி எழுப்பவேண்டும். வீட்டுக் கணினியில் அது சாயா குடிக்கிற நேரம். ஆஸ்பத்திரியில் அப்படி முடியாது. மருந்து, ரத்தம், பரிசோதனை, ஐசியூ எல்லாம் அதன்மேல் நிற்கின்றன. அதனால் நிறுத்தாமலே மாற்ற ஒரு வழி வைத்திருக்கிறார்கள், அதுதான் லைவ் பேட்ச். ஓட்டை இருக்கிற பழைய பாதையின் வாசலில் "இனி அந்தப் பக்கமாகப் போகவும்" என்று ஒரு பலகை வைப்பதாக நினைத்துக்கொள். புதிதாக வருகிற புரோகிராம்கள் எல்லாம் புதுப் பாதையில் போகும். ஏற்கெனவே பழைய பாதைக்குள் இருக்கிறவை தங்கள் வேலை முடிந்து வெளியே வரும்வரை காத்திருக்கவேண்டும். எல்லாம் வெளியே வந்தால்தான் ஓட்டை அடைபட்டது என்று கணக்கு. பெரும்பாலும் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். டாக்டருக்குத் தெரியாது, நர்ஸுக்குத் தெரியாது, மேலாளருக்கு நிச்சயமாகத் தெரியாது. "என் மெஷின் நின்றதே இல்லை" என்று நான் எத்தனை மீட்டிங்கில் சொல்லியிருக்கிறேன் தெரியுமா. சிலர் நகையைப் போட்டுக்கொண்டு போவார்கள். நான் அதைப் போட்டுக்கொண்டு போவேன்.

இப்போது வீடு காணல் நடந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அதை நீ எல்லோரிடமும் ஒரு விதமாகச் சொல்லித் திரிகிறாய். நடந்தது வேறு விதம்.

நம் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் போய்ப் பெண்ணைப் பார்ப்பார்கள். ஜிஷா வீட்டு மலையாளத்துக்காரர்களுக்கு, பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளையின் வீட்டைப் பார்க்கிற வழக்கமும் உண்டு. பெரியவர்கள் வருவார்கள், பெண் வரமாட்டாள். ஜிஷாவின் அப்பா, அம்மா, தாய்மாமா மூன்று பேரும் பத்து மணிவாக்கில் வந்து இறங்கினார்கள். ஜிஷாவுக்கு அன்று ஐசியூவில் பகல் டியூட்டி. அவளும் நானும் ஒரே ஆஸ்பத்திரி என்பதால்தானே இந்தக் கல்யாணமே. எனக்குச் சாப்பாடு கொண்டுவருகிறேன் என்று நீ தினமும் ஓடி வந்தபோது என் கூட வேலை செய்கிறவர்கள், இப்படி ஒரு பிள்ளையா என்று உருகினார்கள். சாப்பாட்டுப் பாத்திரம் ஏன் ஐசியூ வாசலைச் சுற்றிக்கொண்டு ஆறிப்போய் வருகிறது என்று நான் யோசிக்கவில்லை. யார் எந்த வழியாக உள்ளே வருகிறார்கள் என்று கண்காணிக்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

அன்று விடிந்ததிலிருந்தே எங்கள் தொழில்காரர்களின் வாட்ஸாப் குழு அலறிக்கொண்டிருந்தது. ஒரு புது ஓட்டை. அதன் வழியாக யாரோ ஓர் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து கணினிகளை எல்லாம் பூட்டிவிட்டார்களாம். நோயாளிகளை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று செய்தி. உடனே அடைக்கவேண்டும். நான் பட்டுப்புடவை கட்டி, படுக்கையறையில் லாப்டாப்பைத் திறந்து, ஐசியூவுக்கு ஒரு போன் போட்டேன். ஜிஷாதான் எடுத்தாள். "ஒண்ணுமில்ல மோளே, சின்ன அப்டேட். நீங்க அறியவே மாட்டீங்க" என்றேன். அவள் சிரித்து, "எங்க வீட்டுக்காரங்க வந்தாச்சா? மாமா எதாவது குத்தம் சொன்னா கண்டுக்காதீங்க ஆன்ட்டி" என்றாள். பேட்சை ஏற்றிவிட்டு, நிம்மதியாக நெய்யப்பத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் அது முடியவில்லை. ஒரே ஒரு புரோகிராம் பழைய பாதைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. எது தெரியுமா? ஐசியூவில் ஒவ்வொரு படுக்கையின் மானிட்டரிலிருந்தும் நாடித்துடிப்பையும் மூச்சையும் வாங்கி, நர்ஸ் மேஜையில் இருக்கிற பெரிய திரையில் காட்டுகிற புரோகிராம். அதன் வேலையே காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. அது எழுந்து வெளியே வரவே வராது. அது வராமல் ஓட்டை அடைபடாது. வெளியிலிருந்து யார் யார் கதவைத் தட்டுகிறார்கள் என்று காட்டும் பக்கத்தைத் திறந்தேன். வரி வரியாக ஓடியது. ஒரு தெருவில் யாரோ ஒவ்வொரு வீட்டுக் கதவின் பிடியையும் திருப்பிப் பார்த்துக்கொண்டே நடந்து வருவதுபோல. அந்தத் தெருவில் எங்கள் ஆஸ்பத்திரி எத்தனையாவது வீடு என்று தெரியவில்லை, அவ்வளவுதான். ஹாலில் தாய்மாமா, "வெள்ளம் பைப்பில் எப்பவும் வருமோ?" என்று கேட்பதும், உன் அப்பா "இருபத்திநாலு மணிநேரமும் வரும், நிக்கவே நிக்காதாக்கும்" என்று பொய் சொல்வதும் கேட்டது.

மூன்று வழி இருந்தது. அப்படியே விடலாம், விட்டால் திருடன் வரலாம். அந்தப் புரோகிராமைப் பிடித்துக் கட்டாயமாகப் புதுப் பாதைக்குத் தள்ளலாம். தள்ளினால் மெஷினே எப்போது வேண்டுமானாலும் உறைந்து நிற்கலாம். மூன்றாவது, அந்த ஒரு புரோகிராமை மட்டும் நிறுத்தித் திரும்ப எழுப்புவது. எழும் வரைக்கும் ஐசியூவின் பெரிய திரை இருண்டிருக்கும். படுக்கையருகே இருக்கிற மானிட்டர்கள் ஓடும், ஆனால் அங்கே ஒவ்வொரு நோயாளியும் கண்ணாடி அறைக்குள் கதவு சாத்திய நிலையில். உள்ளே அடிக்கிற மணி வெளியே மேஜைக்குக் கேட்காது. மூன்றாவதுதான் சரியான வழி, அதில் சந்தேகமில்லை. அதைச் சொல்லிவிட்டுச் செய்யவேண்டும் என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் சொன்னால், "என் மெஷின் நின்றதே இல்லை" என்பது அன்றோடு போயிற்று. அதுவும் மருமகளாக வரப்போகிறவளிடம், அவள் அப்பா அம்மா என் ஹாலில் உட்கார்ந்திருக்கும்போது. சட்டென்று முடிந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை, யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். கட்டளையை அடித்துவிட்டேன். என்டர் பொத்தானின்மேல் விரல் இருந்தது. நீ பார்க்காதது இதைத்தான். நீ அப்போது மாமாவுக்கு மொட்டைமாடித் தொட்டியைக் காட்டிக்கொண்டிருந்தாய்.

போன் அடித்தது. ஜிஷா.

"ஆன்ட்டி, அப்டேட் முடிஞ்சோ? கடைசி ரூம் பேஷண்டுக்கு டியூப்ல சளி எடுக்கணும். ஞான் உள்ளே போனா வெளியே ஒரு ஆளுதான். அவளும் திரையை நம்பித்தான் இருக்கும். ஞான் போகட்டா?"

விரலை எடுத்தேன். "போகாதே மோளே" என்றேன்.

"எந்தா?"

"நான் உங்கிட்டச் சொன்னது சரியில்ல. திரையை நிறுத்த வேண்டியிருக்கு. சொல்லாம நிறுத்தப் போனேன். இப்ப, இந்த நிமிஷம்."

அடுத்து அவள் பேசியபோது 'ஆன்ட்டி' போய்விட்டது.

"மேடம். எவ்வளவு நேரம் ஆகும்?"

"தெரியாது. சீக்கிரம் வரணும்."

"வரலேன்னா?"

"அதுவும் தெரியாது மோளே. நான் அதை நிறுத்திப் பார்த்ததே இல்ல."

எத்தனை வருஷப் பெருமை, ஒரு வாக்கியத்தில் எப்படி நாறிப்போயிற்று பார். அதைத்தான் நான் நகை மாதிரி போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"இப்போ தொடண்டா, கையை எடுங்க" என்றாள். "முதல்ல கடைசி ரூம் முடிக்கணும். பின்னே ஒவ்வொரு ரூமிலயும் ஆள் நிறுத்தணும். கீழே வார்டில இருந்து ஆளை விளிக்கிறேன். ஞான் பறயும்போ செய்யுங்க. போனை வைக்கண்டா. எங்கிட்டப் பேசவும் வேண்டாம்."

அப்படித்தான் நான் ஒரு கையில் திறந்த லாப்டாப்பும், மறு கையில் ஸ்பீக்கரில் போட்ட போனுமாக, பட்டுப்புடவையில், சம்பந்தி வீட்டாருக்கு வீடு காட்டினேன். போனுக்குள் சக்கரம் வைத்த மேஜை உருளுகிற சத்தம். லாப்டாப்பில் வரிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அடுக்களையைப் பார்த்து ஜிஷாவின் அம்மா, "நல்ல காற்றோட்டம்" என்றார். "ஆமா, நல்ல காற்றோட்டம்" என்றேன். பூஜை அறையைப் பார்த்து அவர் ஏதோ கேட்டார், அதற்கும் "நல்ல காற்றோட்டம்" என்றேன். உன் அப்பா என் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "அந்தப் பெட்டியை அங்கன வச்சிட்டு வா, மனுஷங்க என்ன நினைப்பாங்க" என்றார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். போனுக்குள்ளிருந்து குரல் வந்தது: "மேடம், மிண்டாதே நில்லுங்க."

ஹாலில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். ஜிஷாவின் அம்மா தலையில் கை வைத்தார். "இது நம்ம மோளல்லே? மாமியாரை வாயை மூடுன்னு சொல்லுதே." தாய்மாமா என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், வீட்டின் விரிசல் ஒன்றை அப்போதுதான் கண்டுபிடித்தவர்போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விரலை உதட்டில் வைத்து எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு ஏதோ புரிந்திருக்கவேண்டும். சோபாவில் உட்கார்ந்து முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டார். கதவின் பிடிகளைத் திருப்பிக்கொண்டு நடக்கிறவன் எந்த வீட்டு வாசலில் இருக்கிறானோ என்று நான் வரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிறுத்திவிடு, நிறுத்திவிடு என்று கை பரபரத்தது. நிறுத்தவேண்டிய நேரத்தைச் சொல்வது என் கையில் இல்லை. என் வாழ்க்கையில் இவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்ததில்லை என்று உன் அப்பா இன்றும் சொல்கிறார்.

"இப்போ" என்றாள்.

தட்டினேன். அங்கே திரை அணைந்திருக்கும். எனக்குக் கேட்டது குரல்கள்தான். ஒவ்வொரு கண்ணாடி அறையின் வாசலிலிருந்தும் ஒருவர் உள்ளே இருக்கிறதை வாசித்துச் சொல்ல, ஜிஷா அதைத் திருப்பிச் சொன்னாள். துடிப்பு இவ்வளவு, மூச்சு இவ்வளவு, அடுத்தது. சந்தையில் விலை கூவுவதுபோலச் சீராக, பதற்றமே இல்லாமல். என் திரையில் புரோகிராம் எழுந்தது. ஒவ்வொரு படுக்கையாகத் தேடிப் பிடித்தது. பிடித்தது, பிடித்தது, கடைசி அறைக்கு வந்து நின்றுவிட்டது. "கடைசி ரூம் வரல்லே மேடம்" என்றாள். "ஞான் இங்கேதான் நிக்கிறேன். ஆள் சுகமா இருக்கு. நீங்க உங்க வேலையைப் பாருங்க." நான் பார்த்துக்கொண்டே நின்றேன். செய்வதற்கு எதுவும் இல்லாமல் பார்ப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அன்றுதான் தெரிந்தது. ஜிஷாவின் அப்பா எழுந்து வந்து, ஒன்றும் கேட்காமல், என் கையிலிருந்த லாப்டாப்பின் அடியில் தன் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். அதை நான் எவ்வளவு நேரமாக ஒரே கையில் பிடித்திருக்கிறேன் என்று அவர் பார்த்திருக்கிறார்.

"கிட்டி" என்றாள் ஜிஷா. கடைசி அறை வந்துவிட்டது. என் திரையிலும் பேட்ச் முடிந்தது என்று ஒரு வரி வந்தது. ஓட்டை அடைபட்டது.

அப்புறம் ஸ்பீக்கரை அணைத்துவிட்டேன், அதனால் அவள் சொன்னதை நீ கேட்கவில்லை. உனக்காக எழுதுகிறேன். "மேடம், நிறுத்துறதுல எனக்குப் பயமில்ல. ஞான் உள்ளே ஒருத்தர் மேல குனிஞ்சு நிக்கும்போது, வெளியே திரை ஓடுதுன்னு நினைச்சிட்டே நின்னிருப்பேன். மத்தவங்களுக்கு எதாவது ஆயிருந்தா, பின்னே ஞான் எப்படி இந்தத் திரையை நம்பும்? உங்களை எப்படி நம்பும்?" சண்டை போடுகிற குரல் இல்லை. கேள்விதான் கேட்டாள். "வீட்ல எல்லாரும் சாப்பிட்டாச்சா ஆன்ட்டி?" என்று அவளே பேச்சை மாற்றினாள். ஆன்ட்டி திரும்பி வந்தது எனக்குப் பெரிய சமாதானம். தாய்மாமா "வீடு கொள்ளாம், நல்லா இருக்கு" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுக் கிளம்பினார். அதை விரிசலுக்காகச் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது.

இந்தக் கதையை நீ உன் நண்பர்களிடம் எப்படிச் சொல்கிறாய்? "அம்மா ஒரு கையில நெய்யப்பம், ஒரு கையில சர்வர், ஒருத்தருக்கும் தெரியாம பேட்ச் பண்ணிட்டாங்க." உன்னைக் குறை சொல்லவில்லை, நானே நாலு இடத்தில் அப்படிச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அது அப்படி நடக்கவில்லை மக்கா. தெரியவேண்டியவளுக்குத் தெரிந்ததால்தான் நடந்தது. அவள் தொடாதே என்று சொன்னாள், நான் தொடவில்லை. அவள் இப்போ என்றாள், நான் நிறுத்தினேன். நீ எடுத்துக்கொண்ட பாடம் தலைகீழ்.

இன்னொரு கதையும் நீ தப்பாகத்தான் கேட்டிருக்கிறாய், அதற்கு நான்தான் பொறுப்பு. நாங்கள் இந்த ஊருக்குள்ளேயே ஆரியசாலையிலிருந்து கரமனைக்கு வீடு மாறிய கதை. ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்லிச் சிரிப்பேனே, அது. நாகர்கோவிலிலிருந்து என்னைக் கட்டிக்கொண்டு வந்த புதிது. உன் அப்பாவின் வத்தல் மிளகாய்க் கிடங்குக்கு மேலேதான் வீடு. விடிந்தால் தும்மல், பொழுது அடைந்தால் தும்மல். நான் காலையில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் வந்தால், வாசலில் வேறு யாருடைய செருப்புகளோ கிடக்கின்றன. கையில் கரண்டியோடு ஒரு அம்மாள் வந்து, "யாரு வேணும்?" என்கிறாள். "இது என் வீடு" என்கிறேன். அவள் பயந்துபோய் உள்ளே யாரையோ கூப்பிடுகிறாள். எதிரே இஸ்திரி போடுகிறவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "அக்கா, உங்க வீடு கரமனைக்குப் போயாச்சே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பீர்கள். கரமனைக்கு வந்து பார்த்தால், எல்லாம் பழைய வரிசையிலேயே அடுக்கியிருந்தது. பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் உப்பு, கண்ணாடிக்குக் கீழே என் சீப்பு, அதில் காலையில் சிக்கிய முடிகூட அப்படியே. உன் அப்பா வாசலில் நின்று சிரிக்கிறார். "ஒரு நாள் லீவுகூடப் போடாம வீடு மாறியாச்சு பாத்தியா. உனக்குச் சிரமம் வேண்டாமேன்னுதான் சொல்லல."

நல்ல வீடு. நல்ல மனுஷர். தும்மலும் நின்றது. அதனால்தான் அதை வேடிக்கைக் கதையாக வைத்துக்கொண்டேன். சொல்லாமல் விட்ட ஒரு பகுதி இருக்கிறது. அந்தப் பழைய வீட்டுப் படியில், அந்த அம்மாள் கதவைச் சாத்திய பிறகு, நான் கொஞ்ச நேரம் நின்றேன். கோபம்கூட வரவில்லை. பால்காரருக்குத் தெரியும், இஸ்திரிக்காரருக்குத் தெரியும், என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்து என் வீடு நகர்ந்திருக்கிறது. ரொம்ப நாளைக்கு, வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போதெல்லாம், இறங்குகிற இடத்தில் வீடு இருக்குமா என்று ஒரு சின்ன நடுக்கம் வரும். அதை உன் அப்பாவிடம் சொன்னதே இல்லை. சொன்னால் அவர் வருத்தப்படுவாரே, அவருக்கு எதற்குச் சிரமம் என்று. பார், நானும் அதையே செய்திருக்கிறேன். இந்த வீட்டில் ஒருவருக்கொருவர் நல்லது செய்கிற முறையே இதுதான் போலிருக்கிறது. உன்மேல் மட்டும் எப்படிப் பழி போடுவேன்?

அதனால் இதை அதட்டிச் சொல்லவில்லை, கேட்டுக்கொள்கிறேன். ஜிஷாவுக்கு இன்று மத்தியானத்தோடு டியூட்டி முடிகிறது. நீ அவளைக் கூட்டிக்கொண்டு பழவங்காடிப் பிள்ளையாருக்கு முதல் பத்திரிகை வைத்துத் தேங்காய் உடைக்கப் போவதாக ஏற்பாடு. தேங்காயை உடைக்கும் முன்னால் சொல். "சும்மா ஒரு யோசனை இருக்கு" என்று மழுப்பாதே. "புனேக்குச் சம்மதம் அனுப்பிவிட்டேன், உன்னிடம் கேட்காமல் அனுப்பினேன், புதிய ஐசியூவைப் பற்றி நீ சொன்னபோதும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்" என்று இருக்கிறபடி சொல். நாளை அவள் ஆஸ்பத்திரியில் என்ன பதில் சொன்னாலும், தெரிந்து சொல்லட்டும். அவள் புனேயே வேண்டாம் என்றால், உன் சம்மதத்தைத் திரும்ப வாங்க முடியுமா என்று பார். அவள் புனேக்கு வருகிறேன் என்றால், அவள் விட்டுவிட்டு வருவது என்ன என்று உனக்கும் தெரிந்திருக்கும். கொஞ்ச நாள் கல்யாணத்தை நிறுத்திவைப்போம் என்றால், நிறுத்து. மண்டபத்துக்காரரிடமும் உன் அப்பாவிடமும் நான் பேசிக்கொள்கிறேன்; இரண்டு பேரும் கத்துவார்கள், இரண்டு பேரும் அடங்குவார்கள்.

நிறுத்தினால் திரும்ப வருமா என்று நீ கேட்பாய். தெரியாது மக்கா. அன்று நான் பொத்தானைத் தட்டியபோதும் எனக்குத் தெரியாது. வராமலே போகலாம். அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது. நாளைக் காலை வரைக்கும்தான் அவளுக்கு நேரம் இருக்கிறது, அதில் பாதியை இந்தக் கடிதத்தை எழுதியே நான் தின்றுவிட்டேன்.

ஒன்று மட்டும். "அம்மாவுக்குத் தெரியுமா?" என்று அவள் கேட்பாள், கட்டாயம் கேட்பாள். கேன்டீனில் என் முகத்தைப் பார்த்தவள். "தெரியும்" என்று சொல். "அப்பளம் பொரித்துக்கொண்டே கேட்டாள், சரி என்றாள், நேற்று உன் எதிரே உட்கார்ந்து பழம்பொரியை மென்றாள்" என்று எல்லாவற்றையும் சொல். என்னைக் காப்பாற்ற ஒரு வார்த்தையையும் விழுங்காதே. அவள் இந்த வீட்டுக்கு வந்தால், மாமியாரைப் பற்றிக் குறை சொல்ல உருப்படியான ஒரு விஷயம் முதல் நாளே அவள் கையில் இருக்கட்டும். மற்றதைப் போகப் போக நானே சேர்த்துத் தருகிறேன்.

அந்தச் சட்டையைக் கழற்றி மடித்து வை. சாதாரணமாக எதையாவது போட்டுக்கொண்டு கிளம்பு. அவள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து காத்து நிற்கக்கூடாது.

அம்மா